முதலில் உங்கள் ஊர் வாட்டர் டேங்க், அப்புறம் தாஜ்மகால்

தாஜ்மகாலுக்குப் போய்வந்தவர்களின் போனை வாங்கிப் பாருங்கள். ஐம்பது படம் இருக்கும். அதில் நாற்பத்தைந்து, நீங்கள் ஏற்கெனவே காலண்டரில் பார்த்த படம். என்ன, கொஞ்சம் சாய்ந்திருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. பேர்பெற்ற கட்டடம் நாம் போவதற்கு முன்பே படமாக மனசில் ஏறிவிடுகிறது. நேரில் நிற்கும்போது கை தானாக அதையே எடுக்கிறது.

அதனால் கட்டடங்களைப் படம் எடுத்துப் பழக நினைப்பவர்களிடம் நான் சொல்வது: யாருமே படம் எடுக்காத கட்டடத்தில் தொடங்குங்கள். அதற்குத் தோதான ஒன்று அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறது. அரசுக் காகிதத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஊர் வாயில் வாட்டர் டேங்க்.

சிரிக்காதீர்கள். ஜெர்மனியில் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். 1959-இல் சேர்ந்து படம் எடுக்க ஆரம்பித்து, வாழ்நாள் பூராவும் தண்ணீர்த் தொட்டிகளையும் இரும்பு உலைகளையும் சுரங்கக் கோபுரங்களையுமே எடுத்தார்கள். பெல்ஜியம், பிரான்சு, பிரிட்டன், அமெரிக்கா என்று அலைந்தாலும் எடுக்கும் முறை மாறவில்லை: மேகம் மூடிய வானம், நேர் பார்வை, படத்தில் ஆளில்லை. அந்தப் படங்களைக் கட்டம் கட்டமாகச் சுவரில் மாட்டினார்கள். 1990-இல் வெனிஸ் பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது. புகைப்படத்துக்காக இல்லை, சிற்பத்துக்காக!

சரி, வேலையைத் தொடங்கலாம். போன் கேமராவே போதும்.

படி 1: கேமராவை எடுக்காமல் ஒரு சுற்று

தொட்டியைச் சுற்றி ஒருமுறை முழுதாக நடந்து வாருங்கள். பத்து நிமிஷம் ஆகும். ஏணி எந்தப் பக்கம்? கொள்ளளவும் கட்டிய ஆண்டும் எழுதியிருப்பது எந்தப் பக்கம்? டிரான்ஸ்பார்மரும் கேபிள் ஒயரும் எந்தப் பக்கம் நெருக்கமாக இருக்கின்றன? ஒயர்கள் இல்லாத தெரு நம் ஊரில் அபூர்வம். குறைவாக இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. அப்படியே போனில் திசைகாட்டியைத் திறந்து, எந்த முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும். தவறாமல் வேண்டும்.

படி 2: முகத்தில் வெயில் விழும் நேரம்

கட்டடத்தை நகர்த்த முடியாது, விளக்கு பிடிக்கவும் முடியாது. நம் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் நல்ல கேமரா இல்லையே என்று வருந்துகிறார்கள். உண்மையில் அவர்கள் போன நேரம்தான் சரியில்லாமல் இருந்திருக்கும்.

கிழக்கு பார்த்த கட்டடத்துக்குக் காலை, மேற்கு பார்த்ததற்கு மாலை. இது எல்லாருக்கும் தெரியும். இதையே கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் முகத்தைக் காலையில்தான் எடுக்க வேண்டும், மாலையில் போனால் வாசல் பக்கம் நிழலாக நிற்கும். ஐரோப்பாவின் பழைய கதீட்ரல்களில் பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. பாரிசின் நோத்ருதாம் முகப்பில் வெயில் விழுவது பிற்பகலுக்கு மேல். இந்தியாவில் மசூதிகள் மேற்கே தொழுகைத் திசையை நோக்கியவை என்பதால் தொழுகைக் கூடத்தின் முகப்பு கிழக்கே திரும்பியிருக்கும். தில்லி ஜாமா மசூதி அப்படித்தான், அதற்கும் காலை. ஆக, ஒரு வழிபாட்டுத் தலத்துக்கு எப்போது போகலாம் என்பதை ஊருக்கு ரயில் ஏறும் முன்பே ஓரளவு ஊகித்துவிடலாம். விதிவிலக்குகள் உண்டு, அதற்குத்தான் திசைகாட்டி.

தெற்கு, வடக்கு பார்த்தவைதான் சிக்கல். சென்னை ரிப்பன் கட்டடம் தெற்கு பார்த்தது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நாள் முழுக்க அதன் முகத்தில் வெளிச்சம் இருக்கும். வடக்கு பார்த்த வீட்டுக்கோ அந்த மாதங்களில் முகத்தில் வெயிலே இல்லை, அது பங்குனி முதல் வாரத்துக்குப் பிறகு வந்து, புரட்டாசி முதல் வாரம் வரைதான் இருக்கும். தாஜ்மகாலிலும் இதே கணக்குதான். தோட்டத்திலிருந்து நாம் பார்ப்பது தெற்கு முகம், யமுனைக்கு அக்கரையில் மேதாப் பாக் பூங்காவிலிருந்து தெரிவது வடக்கு முகம். குளிர்காலத்தில் தோட்டப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும். கோடைக் காலையிலும் மாலையிலும் ஆற்றங்கரைப் பக்கம் முந்திக்கொள்ளும். சிட்னிக்குப் போனால் கணக்கே தலைகீழ், அங்கே சூரியன் வடக்கு வழியாகப் போகிறது.

மேகமூட்டமான நாளை வீணாக்காதீர்கள். நிழல் விழாததால் தொட்டியின் வடிவம் மட்டும் தனியாகத் தெரியும். பெக்கர் தம்பதி அப்படிப்பட்ட நாளுக்காகவே காத்திருந்தார்கள்.

படி 3: தூக்குக்குண்டு

இந்த ஒரு படியை மட்டும் பழகினால்கூடப் போதும், உங்கள் படம் மற்றவர்கள் படத்திலிருந்து தனியாகத் தெரியும்.

உயரமான கட்டடத்தின் முன்னால் நின்றதும் நாம் என்ன செய்கிறோம்? உச்சி தெரியவில்லையே என்று போனை மேல்நோக்கிச் சாய்க்கிறோம். உடனே செங்குத்துச் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்னால் மல்லாந்து விழுவதுபோல் ஆகிவிடுகிறது. கொத்தனார் தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கட்டிய சுவரை நாம் ஒரு நொடியில் கோணலாக்கிவிடுகிறோம்.

மாற்று வழி இதுதான். கேமரா அமைப்புகளில் கட்டக் கோடுகளை இயக்குங்கள். போனைச் சுவருக்கு இணையாக, துளியும் சாய்க்காமல், செங்குத்தாகப் பிடியுங்கள். உச்சி வெட்டுப்படுகிறதா? போனைச் சாய்க்காதீர்கள், நீங்கள் பின்னால் போங்கள்.

எவ்வளவு தூரம்? சாதாரண போனின் 1x கேமராவை நெடுக்கில் பிடித்தால், கட்டட உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரத்தில் நின்றால் உச்சி உள்ளே வந்துவிடும். இரண்டு மாடி வீடு கைப்பிடிச் சுவரோடு 35 அடி என்றால், 50 அடி தள்ளி. 60 அடித் தொட்டிக்கு 90 அடி. பெரிய கோயில் விமானம் 216 அடி, அதற்கு 320 அடிக்கு மேல் வேண்டும், அந்தப் பிராகாரத்தில் அதற்கு இடம் இருக்கிறது. இப்படி எடுத்தால் படத்தின் கீழ்ப் பாதியில் வெறும் தரை வரும். வரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, நீங்கள் மேலே ஏறுவது. எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து, கட்டடத்தின் பாதி உயரத்துக்கு வந்து எடுத்தால் தூரமும் அவ்வளவு தேவைப்படாது, கோடுகளும் நேராக நிற்கும். பெக்கர் தம்பதியும் முடிந்த இடத்தில் எல்லாம் ஏணி வைத்து ஏறித்தான் எடுத்தார்கள்.

பழைய கேமராக்காரர்களுக்கு ஒரு வசதி இருந்தது. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே உயர்த்தலாம். பாரிசின் சந்துகளையும் கடைவாசல்களையும் மாடிப்படிகளையும் சுமார் முப்பது ஆண்டுகள் கண்ணாடித் தகடுகளில் எடுத்த யூஜின் அட்ஜே இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அளவுக்கு மீறி உயர்த்தியதால் அவருடைய பல படங்களின் மேல் மூலைகள் வளைவாகக் கருத்திருக்கும். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சுவர் நேராக இருந்தால் சரி என்று விட்டுவிட்டார் போல. எனக்கும் அந்தக் கருத்த மூலைகள் பிடிக்கும்.

0.5x அகலக் கேமராவை ஆரம்பத்தில் தொடவே தொடாதீர்கள். எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிடும், ஓரங்களை இழுத்தும் விடும்.

படி 4: முகமா, மூலையா?

நேர் எதிரே நின்றால் கட்டடம் பாஸ்போர்ட் படம்போல் தட்டையாக, ஒழுங்காக வரும். மூலையிலிருந்து இரண்டு பக்கமும் தெரிய எடுத்தால் கனம் தெரியும். நியூயார்க்கில் 1902-இல் கட்டிய ஃபிளாட்அயர்ன் கட்டடம் முக்கோண மனையில் நிற்பது, அதற்கு முகமே மூலைதான். பனி பெய்த நாளில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் அதை எடுத்தபோது முன்னால் ஒரு மரத்தையும் சேர்த்துக்கொண்டார். கட்டடம் பின்னால் மங்கலாக, கப்பல்போல் வருகிறது. நீங்கள் இரண்டையும் எடுத்துவிடுங்கள், வீட்டில் வந்து முடிவு செய்யலாம்.

படி 5: வெள்ளைச் சுவரும் கருத்த சுவரும்

படத்தில் வெள்ளை நிறையத் தெரிந்தால் கேமரா ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். ரிப்பன் கட்டடமோ தாஜ்மகாலோ அழுக்கு வேட்டி நிறத்தில் வருவது இதனால்தான். சுவரைத் தொட்டு அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். மழையில் கருத்த சிமென்ட்டுக்குக் கீழே தள்ளுங்கள்.

படி 6: துண்டு துண்டாக

முழுக் கட்டடம் கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். வாசற்படி, சன்ஷேடு, ஜன்னல் கம்பி வேலைப்பாடு, சிமென்ட்டில் பதித்த ஆண்டு, அடுக்கு விட்ட மங்களூர் ஓடு எல்லாம் தனித்தனிப் படம். சிங்கப்பூர்க் கடைவீடுகள்போல் தெரு குறுகலாக இருந்தால் முழு முகப்பு எப்படியும் கிடைக்காது. அங்கே கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதைக்குள் நின்று தூண்வரிசையை எடுங்கள்.

துண்டுகளைச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தஞ்சாவூரிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1858-இல் லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்தார். பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை நடந்து நடந்து பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கினார். நீளம் 19 அடிக்குப் பக்கம். இன்று போனில் பனோரமா பொத்தானை அழுத்தி இரண்டு நொடியில் முடித்துவிடுகிறோம், அதுவும் பாதி நேரம் நெளிந்து வருகிறது.

படி 7: ‘எதுக்குத் தம்பி போட்டோ?’

ஒரு நாட்டு ஓட்டு வீட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்த பாட்டி எழுந்து வந்து, ‘ரோடு அகலப்படுத்தப் போறாங்களா தம்பி?’ என்றார். குரலில் நிஜமான பயம். நம் ஊரில் வீட்டைப் படம் எடுப்பவர் அளக்க வந்தவர் அல்லது இடிக்க வந்தவர், இதுதான் அனுபவம். அன்றிலிருந்து முதலில் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். எடுத்ததைக் காட்டியும் விடுகிறேன். பாட்டி, ‘செவுரு வெள்ளையடிச்ச பிறகு வந்திருக்கலாமே’ என்றார்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கட்டடக்கலைப் படைப்பைப் படம் எடுப்பதையும் வெளியிடுவதையும் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. பிரான்சில் அப்படி இல்லை. ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்து எதற்கும் பயன்படுத்தலாம். இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனி உரிமை இருப்பதால், அந்தப் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். உங்கள் ஆல்பத்துக்கு என்றால் பிரச்சினை இல்லை. ராணுவ இடம், துறைமுகம், அணை மாதிரி இடங்களில் பலகையைப் படிக்காமல் போனை நீட்டாதீர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, எனவே போனுக்கு அனுமதி இல்லாத கோயிலில் கோபுரத்தை வெளியிலிருந்து எடுக்கத் திட்டமிடுங்கள்.

படி 8: கொஞ்சம் திருத்தம்

இடம் இல்லாமல் சாய்த்தே எடுக்க வேண்டி வந்த படங்களை ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலியில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ கருவியால் ஓரளவு நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட்டு எடுங்கள். வானத்தை நீலமாக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 9: பெயர் எழுதுங்கள்

அன்றைக்கு இரவே, தூக்கம் வந்தாலும், படத்தின் விவரப் பகுதியில் ஊர், தெரு, தேதி, எந்தத் திசை முகம் என்று நான்கு சொல் எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்க அதுதான் வழிகாட்டி. என்னிடம் இப்போது பதினேழு வாட்டர் டேங்க் இருக்கின்றன. பெக்கர் தம்பதி பாணியில் கட்டம் கட்டி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் நான்காவதும் ஒன்பதாவதும் எந்த ஊர் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். திருவாரூர்ப் பக்கம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.