நாள் தள்ளிப்போனால்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு

ஊரிலிருந்து வந்து சில மாதத்தில் மாதவிலக்கு நின்றுவிட்டால், இங்கே யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "தண்ணி மாறிடுச்சுல்ல, அதெல்லாம் வந்துரும் லா." முழுப்பொய் என்று சொல்ல மாட்டேன். கவலை, தூக்கக்கேடு, சாப்பாடு இறங்காமல் எடை குறைவது, இதெல்லாம் சேர்ந்தால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் குறைந்து, முட்டை வெளிவராமல் போகும். ஆனால் மற்ற காரணங்களைப் பார்த்து முடித்த பிறகுதான் தண்ணீர் மேல் பழி போட வேண்டும்.

முதலில் கர்ப்பமா என்று பாருங்கள். பார்மசியில் பரிசோதனைக் குச்சி கிடைக்கும். காலையில் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. இல்லை என்று காட்டினால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்குள் யாராவது எள்ளுருண்டை, பப்பாளிக்காய், ஜாமு (மலாய் மூலிகை மருந்து) என்று நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள். MAL என்று தொடங்கும் அரசாங்கப் பதிவு எண் இல்லாத ஜாமுவை எப்போதுமே தொட வேண்டாம். சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பார்கள். டாக்டரிடம் போனாலும் கர்ப்பப் பரிசோதனைதான் முதலில் நடக்கும். கல்யாணமாகாத பெண்ணிடம் கேட்டாலும் அது அவமானம் இல்லை, அதுதான் முறை.

கர்ப்பம் இல்லையென்றால், ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்கள் 3 மாதமும், முன்பே முன்பின்னாக வந்தவர்கள் 6 மாதமும் டாக்டரைப் பார்க்காமல் தாண்டிவிடக் கூடாது. பால் கொடுக்காமலே மார்பில் பால் கசிந்தாலோ, விடாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், உடனே போங்கள்.

எங்கே போவது? அரசாங்கச் சுகாதார நிலையமான 'கிளினிக் கெசிஹாத்தான்' போதும். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்கள் கொடுக்கும் 1 ரிங்கிட் நமக்குப் பொருந்தாது, வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். தனியார் கிளினிக் என்றால் ரத்தப் பரிசோதனைக்கு எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பெரிய சிக்கல் என்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் குறித்து வைத்திருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றி மாதவிலக்கை நிறுத்தும். கருத்தடை ஊசி போட்டிருந்தால், விட்ட பிறகும் பல மாதம் வராமல் இருக்கலாம். கருச்சிதைவுக்குப் பின் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தது, எப்போதோ டிபி வந்தது, இவற்றையும் மறைக்காதீர்கள். இரண்டுமே கர்ப்பப்பைக்குள் தழும்பு உண்டாக்கக்கூடியவை. மாமியார் கூட வந்தால் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் இருக்கும், கஷ்டம்தான். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின், எஃப்எஸ்ஹெச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். அதிகம் காணப்படுவது பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு: முகத்தில் முடி, பரு, எடை கூடுதல். ஒல்லியானவர்களுக்கும் வரும். "ரத்தம் வராதது நிம்மதிதானே" என்று இதை விட்டுவிட்டால் கர்ப்பப்பை உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் வழி உண்டு. அதனால்தான் சில நாள் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்து ரத்தம் போக வைக்கிறார்கள். 40 வயதுக்குள் எஃப்எஸ்ஹெச் திரும்பத் திரும்ப அதிகமாக வந்தால் சினைப்பை சீக்கிரமே ஓய்கிறது என்று பொருள்; எலும்பு தேயாமல் இருக்க ஹார்மோன் மருந்து தேவைப்படும்.

பெண் பிள்ளையோடு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சடங்கு எப்போது என்று சொந்தக்காரர்கள் நச்சரிப்பதற்காக ஓட வேண்டாம். ஆனால் 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை, அல்லது 13 வயதிலும் மார்பு வளரத் தொடங்கவில்லை என்றால் காட்டுங்கள். மாதாமாதம் அடிவயிறு வலித்தும் ரத்தம் வராத பிள்ளையைச் சீக்கிரமே கூட்டிப்போங்கள். வழி அடைபட்டு உள்ளேயே ரத்தம் தேங்கியிருக்கலாம். கன்னிச்சவ்வு மட்டும் மூடியிருந்தால் சிறு அறுவையில் சரியாகிவிடும்.