கத்திரி வெயிலில் உடன்பிறந்தவருக்கு நெல்லையைச் சுற்றிக் காட்டுவது எப்படி?

வேலையின் பொருட்டுத் திருநெல்வேலிக்குக் குடிவந்தவர்களுக்கு, கோடை விடுமுறையில் அக்காவோ தம்பியோ வரப்போவதாகத் தெரிந்ததும் மகிழ்ச்சியோடு சிறு கலக்கமும் சேர்ந்தே வரும். இந்த வெயிலில் அவர்களை எங்கே அழைத்துப்போவது என்பதுதான் அந்தக் கலக்கம். இராமநாதபுரத்திலிருந்து வந்து இந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொண்ட நான், என் அக்காவுக்கு ஊரைக் காட்டிய முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அடிப்படை ஒன்றுதான்: பார்க்க வேண்டிய இடங்களை முதலில் அடுக்காமல், வெயிலையும் தாமிரபரணியையும் வைத்து ஒரு நாளை வகுத்துக்கொண்டு, அதற்குள் இடங்களைப் பொருத்துங்கள்.

முதல் படி: தேதியைப் பேசி முடிவு செய்யுங்கள்

வருகிறவர்கள் முதலில் கேட்பது குற்றாலமாகத்தான் இருக்கும். மே 4 முதல் 28 வரையிலான அக்கினி நட்சத்திர நாட்களில் அங்கே பெரும்பாலும் வெறும் பாறையைத்தான் காட்ட முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, ஜூன் மாதத்தில் சாரல் விழுந்த பிறகே அருவிகளில் சீசன் களைகட்டும். பள்ளி திறப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாதவர்கள் என்றால் ஆனி மாதத்தில் வரச் சொல்லுங்கள்; நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தையும் குற்றாலத்தையும் ஒரே பயணத்தில் காட்டிவிடலாம். மே மாதத்தை விட்டால் வழியில்லை என்பவர்களுக்காகவே அடுத்து வருபவை.

இரண்டாம் படி: காலைப் பொழுதைக் கோயிலுக்குக் கொடுங்கள்

காலை ஏழு மணிக்கெல்லாம் டவுனில் இருக்குமாறு கிளம்புங்கள். வெயில் ஏறிவிட்டால் திறந்தவெளிக் கல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது, நண்பகலில் நடையும் சாத்திவிடுவார்கள். நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள் இருப்பதையும், அவற்றை 1647-இல் வடமலையப்ப பிள்ளை கட்டிய சங்கிலி மண்டபம் இணைப்பதையும் நடந்துகொண்டே சொல்லுங்கள். அவசரமாகச் சுற்றி வந்துவிடாமல், மணி மண்டபத்து இசைத் தூண்களுக்கு அருகில் சிறிது நேரம் நில்லுங்கள். நடுவில் ஒரு பெரிய தூணும் அதைச் சுற்றிச் சிறு தூண்களும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டிருப்பதும், ஒவ்வொரு சிறு தூணுக்கும் தனி ஓசை அமைந்திருப்பதும் அங்கே நிதானமாக நின்றால்தான் மனத்தில் பதியும். நடராசரின் ஐம்பெரும் சபைகளில் ஒன்றான தாமிர சபையின் மரச் சிற்பங்களையும் விட்டுவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் பதநீர் கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். பனையோலையைக் குடைவாக மடித்து, அதில் பதநீரை ஊற்றி, நுங்கை விரலால் நோண்டிப் போட்டு நீட்டுவார்கள். ஓலையின் பச்சை வாசனையும் பதநீரின் இனிப்பும் சேர்ந்து வரும் அந்தச் சுவை கண்ணாடிக் குவளையில் வராது. பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும், நேரமானால் புளித்துவிடும்.

மூன்றாம் படி: நண்பகலில் வீட்டை விட்டு நகராதீர்கள்

பதினொன்று முதல் நான்கு வரை எந்த இடத்தையும் காட்ட முயல வேண்டாம். அந்த நேரத்துக்கு உரியது சொதிச் சாப்பாடு. இங்கே திருமணத்தின் மறுவீட்டு விருந்தில் பரிமாறப்படும் குழம்பு இது. எனக்குச் செய்யக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டு ஆச்சி வலியுறுத்தியவை இரண்டு: தேங்காய்ப்பாலை மூன்று முறை பிரித்தெடுத்து, காய்களை மூன்றாம் பாலில் வேகவிட வேண்டும், கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் கட்டாயம் வேண்டும், ஏனெனில் தேங்காய்ப்பாலின் கனத்தைச் செரிக்க வைப்பது அதுதான். சாப்பிட்டதும் எல்லோரும் தூங்குங்கள்.

நான்காம் படி: மாலையில் பாலமும் அல்வாவும்

வெயில் தாழ்ந்ததும் சுலோசன முதலியார் பாலத்தில் நடங்கள். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் இந்தப் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்னும் அதிகாரியாக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டியது என்பதை நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும். அங்கிருந்து மீண்டும் டவுனுக்கு வந்தால், அல்வாவுக்குப் பெயர்போன இருட்டுக்கடை திறக்கும் நேரமாக இருக்கும். அது மாலையில் மட்டும் நடக்கும் கடை, வரிசையும் நீளமாக இருக்கும் என்பதால் முன்னதாகவே போய் நின்றுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: ஒரு முழு நாளை மேற்கே கொடுங்கள்

என் கருத்தில் பயணத்தின் உயிரான பகுதி இதுதான். நகரத்துக்குள் ஆற்றில் கழிவுநீர் கலக்கும் இடங்கள் இருப்பதால், குளிப்பதற்கு மேற்கே போங்கள். காலை நேரத்துச் செங்கோட்டை ரயிலில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, பேருந்தில் பாபநாசம் போகலாம். சொந்த வாகனம் இருந்தால் வழியில் பத்தமடையில் நிறுத்தி, மெல்லிய கோரைப்பாய் நெய்வதைக் காட்டலாம்.

பாபநாசத்துக்கு மேலே உள்ள அகத்தியர் அருவியில் பெரும்பாலும் கோடையிலும் தண்ணீர் விழும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதி என்பதால் வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்தே போக வேண்டும். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் கொண்டுபோகாதீர்கள். கீழே ஆற்றில் குளிப்பவர்கள், உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். குரங்குகள் பைகளைப் பறிக்கும் என்பதால் உணவை வெளியே எடுக்காதீர்கள். பாசி படிந்த பாறையிலும் ஆழம் தெரியாத கசத்திலும் குழந்தைகளை இறக்கவே கூடாது.

அருவிக்குள் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த என் அக்கா, "இம்புட்டுத் தண்ணியாடா தம்பி, மே மாசத்துல!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய் நின்றாள். குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் வீட்டாரும் வறண்ட சீமையிலிருந்து வருபவர்கள் என்றால், இந்த நாளில் வேறு எந்த இடத்தையும் சேர்க்காமல், போதும் என்று அவர்களே சொல்லும்வரை குளிக்க விடுங்கள்.

ஆறாம் படி: ஊருக்குத் திரும்பும் நாள்

காலையில் நேரம் இருந்தால், திருச்செந்தூர் சாலையில் சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலுக்குப் போய் வரலாம். குறவன், குறத்தி, ரதி, கர்ணன் சிலைகளில் நரம்பும் நகமும்கூடத் தெரியும்.

கொடுத்தனுப்ப உடன்குடிக் கருப்பட்டியும் அல்வாவும் வாங்குங்கள். கருப்பட்டியை முதல் நாளே வாங்கி, ஈரம் படாமல் ஓலைப்பெட்டியிலோ காகிதத்திலோ கட்டி வைக்கலாம். அல்வாவை மட்டும் கிளம்பும் மாலையில் வாங்கி, சூடு ஆறிய பிறகு பையின் மேல்பகுதியில் வையுங்கள், அடியில் வைத்தால் அழுத்தத்தில் நெய் கசிந்து துணிகளில் இறங்கிவிடும்.