பேக்கிங் மெஷினுக்குள் கை விடும் முன்: காற்று, கரண்டு, சூடு மூன்றையும் தனித்தனியாக நிறுத்துவது எப்படி?

ஏத்தங்காய் சிப்ஸ், மரச்சீனி வத்தல், முந்திரிப்பருப்பு எதுவானாலும், நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை சின்ன யூனிட்டுகளில் ஓடுவது பெரும்பாலும் ஒரே வகை மெஷின்தான். பின்னால் பிலிம் ரோல், முன்னால் பிலிமைக் குழாயாக மடிக்கும் காலர், நெடுக்கு சீல், அதற்குக் கீழே குறுக்கு சீல் போடும் இரண்டு ஜா (பிலிமை அமுக்கிச் சூட்டில் ஒட்டும் தாடை), ஜாவுக்கு நடுவில் பல்லுப்பல்லாக ஒரு கத்தி. இந்தப் பதிவு அந்த காலர் டைப், காற்றில் வேலை செய்யும் மெஷினுக்கானது. பேண்டு சீலர் (பாக்கெட்டின் வாயை ஓடும் பெல்ட்டில் ஒட்டும் மெஷின்) மட்டும் வைத்திருப்பவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். மெஷினை எப்படி ஓட்டுவது, பாக்கெட் நீளத்தை எப்படி செட் செய்வது என்பதெல்லாம் இங்கே இல்லை. விற்றவரே அதைச் சொல்லிக் கொடுத்திருப்பார். அவர் பொதுவாகச் சொல்லாமல் போவது ஒன்றுதான்: மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் மெஷினுக்குள் காற்று தங்கியிருக்கிறது, சூடும் தங்கியிருக்கிறது.

காற்றின் பலத்தை முதலில் கணக்காகப் பார்த்துவிடலாம். ஜாவைத் தள்ளும் சிலிண்டர் 63 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோ பிரஷரில் அது தள்ளும் பலம் ஏறக்குறைய 190 கிலோ. நான்கு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எடை 150 டிகிரி சூட்டோடு, அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் மூடுகிறது. நிமிடத்துக்கு 40 பாக்கெட் ஓடினால் ஒன்றரை வினாடிக்கு ஒரு தடவை. "சட்டுனு எடுத்துரலாம்" என்று நினைக்க அதில் இடமே கிடையாது.

படி 1: காலையில் இரண்டு நிமிடம்

ஹீட்டரைப் போடாமல், பிலிம் இல்லாமல் மெஷினை வெறுமனே ஓட்டுங்கள். முன்கதவைத் திறந்தால் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் மேல் யாரோ டேப் ஒட்டியிருப்பார்கள், அல்லது பேனலுக்குள் இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கியிருப்பார்கள். இது அபூர்வமான விஷயம் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டினால் பிலிம் நகர்வது தெரியும் என்ற சௌகரியத்துக்காகச் செய்வது. பார்க்கத்தான் வேண்டும் என்றால் தகரக் கதவை எடுத்துவிட்டு 5 மி.மீ. பாலிகார்பனேட் ஷீட் போடுங்கள். அக்ரிலிக் வேண்டாம், உடைந்தால் கூர்மையான சில்லாகத் தெறிக்கும்.

அடுத்து சிவப்பு எமர்ஜென்சி பட்டன். அமுக்கினால் நிற்க வேண்டும். திருகி விடுவித்த உடனே தானாக ஓடக்கூடாது. பச்சைப் பட்டனைத் திரும்ப அமுக்கினால்தான் ஓட வேண்டும்.

மூன்றாவது, நம் ஊருக்கு மிகவும் தேவையான சோதனை. மெஷின் ஓடும்போதே எம்.சி.பி.யை (மெயின் பிரேக்கர் ஸ்விட்சை) இறக்கி, பத்து வினாடி கழித்து ஏற்றுங்கள். தானாக ஓட ஆரம்பித்தால் அந்த மெஷினை அன்றைக்கு ஓட்டக்கூடாது. ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் இங்கே கரண்டு போய்ப் போய் வரும். கரண்டு போன நேரத்தில்தான் ஆட்கள் ஜாவைத் துடைக்கக் கை விடுவார்கள். பழைய மெஷின்களில் சாதாரண டாகிள் ஸ்விட்ச் இருக்கும். அதை மாற்றி, பட்டனை அமுக்கினால் மட்டும் பிடிக்கும் காண்டாக்டர் போடுவது எலக்ட்ரீஷியனுக்குச் சின்ன சோலி. பி.எல்.சி. (புரோகிராமில் ஓடும் கண்ட்ரோலர்) மெஷின் என்றால் புரோகிராமில் மாற்ற வேண்டியிருக்கும்.

உடையைப் பற்றி நீட்ட வேண்டாம். முந்தானையும் துப்பட்டாவும் கோட்டுக்குள், முடி தொப்பிக்குள், மோதிரமும் வளையலும் வீட்டில். கையுறை மட்டும் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிற விஷயம். சுழலும் ரோலர் பக்கத்தில் துணிக் கையுறை கையைக் காப்பாற்றாது, உள்ளே இழுத்துக் கொடுக்கும். சூட்டுக் கையுறை, மெஷின் முழுக்க நின்ற பிறகு போடுவதற்கு.

படி 2: ரோல் மாற்றுதல்

மெஷினை நிறுத்திவிட்டு, பழைய பிலிமை ரோல் பக்கத்தில் வெட்டி, புது ரோலின் நுனியை அதோடு டேப்பால் ஒட்டி, இஞ்சிங் பட்டனால் (அமுக்கும் வரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டும் பட்டன்) மெதுவாக இழுங்கள். ஒட்டின இடம் வெளியே வந்ததும் அந்தப் பாக்கெட்டுகளைக் கழித்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் காலருக்குள் விரலை விட்டு பிலிமைக் கோர்க்கும் வேலை இப்படி மிச்சமாகும். காலர் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும் என்பதைக் கழுவித் துடைக்கும்போதும் மறக்க வேண்டாம். இஞ்சிங் பட்டனை அமுக்குகிறவரும் பிலிமைப் பிடிக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லது.

படி 3: ஜாவில் சிக்கினால்

அடி அதிகம் படுவது இங்கேதான். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

சைக்கிள் ஸ்டாப் பட்டனால் (ஓடுகிற சுற்றை முடித்துவிட்டு நிறுத்தும் பட்டன்) நிறுத்துங்கள். எமர்ஜென்சி பட்டனை எடுத்த எடுப்பில் அமுக்கினால் ஜா மூடின நிலையில் நின்றுவிடலாம். சைக்கிள் ஸ்டாப் கொடுத்தால் ஜா திறந்து நிற்கும். ஆனால் இதில் ஒன்றும் பூட்டப்படவில்லை, வெறுமனே காத்திருக்கிறது. கை இன்னும் வெளியேதான்.

ஹீட்டர் ஸ்விட்சை அணையுங்கள்.

பிறகு காற்று. கம்ப்ரசர் பக்கம் இருக்கும் பால் வால்வை மூடிவிட்டு "காத்த அடச்சாச்சு" என்று சொல்வது வழக்கம். பால் வால்வை மூடினால் புதிதாகக் காற்று வருவது நிற்கும், அவ்வளவுதான். வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஹோஸில், எஃப்.ஆர்.எல். (காற்றை வடிகட்டி, பிரஷரைச் சீராக்கி, எண்ணெய் சேர்க்கும் செட்) கிண்ணத்தில், சோலனாய்டு (கரண்டில் திறந்து மூடும் காற்று வால்வு) பிளாக்கில் 6 கிலோ பிரஷர் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஜாவை ஒரு தடவை அறைந்து மூட அது போதும். இங்கே வேண்டியது ஸ்லைடு வால்வு. அதன் வளையத்தை நகர்த்தினால் வரும் காற்று அடைபடும், அதோடு மெஷின் பக்கம் நிற்கும் காற்று பக்கத்து ஓட்டை வழியாக "ஸ்ஸ்ஸ்" என்று வெளியேறிவிடும். பூட்டுப் போடத் துளை உள்ள மாடலாக வாங்குங்கள். அதை எஃப்.ஆர்.எல்.லுக்கு முன்னால் பொருத்துங்கள், அப்போதுதான் கேஜ் முள் பூஜ்யத்துக்கு இறங்குவது கண்ணுக்குத் தெரியும். பின்னால் போட்டால் முள் 6 கிலோவிலேயே நின்று குழப்பும்.

முள் பூஜ்யத்துக்கு வந்தாலும் நம்பிவிடாதீர்கள். சில மெஷின்களில் சிலிண்டருக்குப் பக்கத்தில் செக் வால்வு இருக்கும், அது சிலிண்டருக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜாவிலிருந்து கையையும் தலையையும் விலக்கிவிட்டு, ஒவ்வொரு சோலனாய்டிலும் இருக்கும் சின்ன மேனுவல் பின்னை ஸ்குரூ டிரைவரால் அமுக்கிப் பாருங்கள். சத்தமும் வரக்கூடாது, ஜாவோ கத்தியோ அசையவும் கூடாது. அசைந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அசைவு நிற்கும் வரை அமுக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் செக் வால்வுப் பக்கம் காற்றை எப்படி விடுவது என்று மெஷின் கொடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே கை வேண்டாம்.

கடைசியாகத்தான் மெயின். ஏன் கடைசி? பல மெஷின்களில் இருப்பது ஒற்றை காயில் (கம்பிச் சுருள்) உள்ள சோலனாய்டு. கரண்டு போனதும் ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்குத் தள்ளும். காற்று இருக்கும்போது மெயினை அணைத்தால் அந்தத் தள்ளலில் ஜா நகரும். உங்கள் மெஷின் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு நாள் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஹீட்டர் ஆற வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், காற்று இருக்க வேண்டும். ஜா மூடியிருக்கும்போது ஒரு தடவை, திறந்திருக்கும்போது ஒரு தடவை எம்.சி.பி.யை இறக்குங்கள். கரண்டு போனால் மூடுகிற ஜா என்றால் காற்றுக் குழாய்களை மாற்றித் திறக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். இதோடு சோலனாய்டின் வேலை வரிசையும் மாறும் என்பதால் மெஷின் கொடுத்த ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

மெயினை இறக்கிப் பூட்டுங்கள். பிளக் வகை என்றால் பிளக்கைப் பிடுங்கி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்கென்று விலையுயர்ந்த கிட் எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு சாவி உள்ள சாதாரணப் பூட்டு போதும், சாவி கை விடுகிற ஆளின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இரண்டாவது சாவியை சூப்பர்வைசர் மேசையில் வைத்தால் அந்தப் பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இப்போது ஜாவுக்கு நடுவில் ஒரு தேக்குக் கட்டை. திறந்த இடைவெளிக்குச் சரியாக உட்காரும் அளவில் வெட்டி, சிவப்புக் கயிற்றில் பேனல் சாவியோடு (சட்டைப் பையில் இருக்கும் பூட்டுச் சாவி வேறு) சேர்த்துக் கட்டி வையுங்கள். கட்டை உள்ளே இருக்கும் வரை சாவியும் அங்கேயே இருக்கும். கட்டையை மறந்து மெஷினைப் போட்டுவிடும் தவறும் இதில் நடக்காது.

படி 4: சூடு

மெயின் அணைந்ததும் டெம்பரேச்சர் கண்ட்ரோலரின் எண்ணும் அணைந்துவிடும். எண் தெரியாததால் ஆறிவிட்டது என்று தோன்றும். கனமான பித்தளை ஜா 150 டிகிரியிலிருந்து கை வைக்கிற அளவுக்கு இறங்க அரை மணிக்கு மேலேயும் ஆகலாம். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: பளபளப்பான உலோகத்தில் அது நிஜத்தை விட மிகக் குறைவாகக் காட்டும். ஜா ஓரத்தில் சூடு தாங்கும் மங்கலான கறுப்பு பெயிண்ட் ஒரு பொட்டு அடித்து, அந்தப் பொட்டின் மேல் பிடித்துப் பாருங்கள்.

ஒட்டின பிளாஸ்டிக்கை ஜா இளஞ்சூடாக இருக்கும்போதே எடுப்பது சுலபம். சூட்டுக் கையுறையோடு பித்தளை பிரஷ், மூங்கில் சீவல், இவை இரண்டு போதும். ஸ்குரூ டிரைவரும் ஆக்சா பிளேடும் ஜா மேல் பிலிம் ஒட்டாமல் இருக்கப் போட்டிருக்கும் டெஃப்லானைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் அடுத்த மணி நேரமே மறுபடி ஒட்டும், மறுபடி கை விடுவீர்கள். கத்தியின் பற்களைத் துணியால் நெடுகத் துடைக்காதீர்கள், துணி மாட்டும், விரல் பின்னாலேயே போகும்.

கையே விடாமல் இருக்க வழி, சிக்குவதற்கான காரணத்தைச் சரிசெய்வது. சீலில் சிப்ஸ் துணுக்கு மாட்டுகிறது என்றால் சரக்கு விழுவதற்குள் ஜா மூடுகிறது. டைமிங்கைத் தள்ளுங்கள், அல்லது பொடியைச் சலித்துவிட்டுப் போடுங்கள். பிலிம் ஜாவில் ஒட்டினால் சூடு அதிகம், அல்லது டெஃப்லான் தேய்ந்திருக்கிறது. செட் செய்த எண் சரியாகவே இருந்தும் பிலிம் உருகுகிறதா? ஜாவின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் துளையை விட்டு நழுவியிருக்கும். சூடு குறைவு என்று நினைத்துக் கண்ட்ரோலர் ஹீட்டரை விடாமல் எரித்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் டெஃப்லான் புகையலாம். புகையைச் சுவாசிக்காமல் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

படி 5: திரும்ப ஓட்டுதல்

கட்டை வெளியே, கருவிகளை எண்ணிப் பார்த்தாயிற்று, கதவு மூடியாயிற்று. முதலில் மெயின். பிறகு "காத்து வருது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஸ்லைடு வால்வைத் திறங்கள். காலியான சிலிண்டரில் காற்று நுழைந்ததும் ஜா ஒரு தடவை துள்ளும். எஃப்.ஆர்.எல்.லோடு சாஃப்ட் ஸ்டார்ட் வால்வு ஒன்று சேர்த்தால் இந்தத் துள்ளல் மெதுவாகும். அது இருந்தாலும் சொல்வதை நிறுத்த வேண்டாம்.

மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருந்தால்

இதை அதிகம் பேர் கேட்கிறார்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டாமல் கிடந்த மெஷினில் ஜாவைச் சூடாக்கும் கார்ட்ரிட்ஜ் ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கரண்டு பாடிக்குக் கசிகிறது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் செய்கிறது. அதை பைபாஸ் செய்து ஓட்டினால் ஹீட்டர் காய்ந்து சரியாகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் காய்கிற அந்த நேரம் முழுக்க பாடியில் கரண்டு இருக்கலாம். ஹீட்டர்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டுவதை 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். குளச்சல், முட்டம் பக்கம் கடலோர யூனிட்டுகளில் எர்த் போல்ட்டையும் மாதம் ஒரு தடவை கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். உப்புக்காற்றில் வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே துரு பிடித்திருக்கும்.

நைட்ரஜன் பற்றி

சிப்ஸ் நமுத்துப்போகாமலும் எண்ணெய் சிக்கு வாடை வராமலும் இருக்க நைட்ரஜன் அடிக்கிறோம். அதற்கு மணம் கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வும் தராது. 47 லிட்டர் சிலிண்டர் ஒன்றில் ஏறக்குறைய 7 கனமீட்டர் வாயு. 3 மீட்டருக்கு 3 மீட்டர், 3 மீட்டர் உயரமுள்ள மூடின ஏ.சி. அறையில் அது முழுக்கக் கசிந்தால் 21 சதவீத ஆக்சிஜன் 16, 17க்கு இறங்கும். 19.5க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. சிலிண்டரை அறைக்கு வெளியே சுவரோடு சங்கிலியில் கட்டி, குழாய் மட்டும் உள்ளே வரட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது சிலிண்டர் வால்வையே மூடுங்கள், ரெகுலேட்டரை மட்டும் அல்ல. அறைக்குள் யாராவது மயங்கி விழுந்திருந்தால் உடனே உள்ளே ஓடாதீர்கள். வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, 108ஐக் கூப்பிடுங்கள்.

அடிபட்டால்

ஜாவில் சுட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். தேங்காயெண்ணெய், தேன், பற்பசை எதுவும் வேண்டாம். உருகின பிளாஸ்டிக் தோலில் ஒட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், தண்ணீர் மட்டும் விடுங்கள். விரல் துண்டானால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலித்தீன் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக்கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போனில் சொல்லிவிடுங்கள்.

சேர்த்தது: பேண்டு சீலர் வைத்திருப்பவர்களுக்கு

காற்று இல்லை, ஆனால் நிற்காமல் ஓடும் டெஃப்லான் பெல்ட்டும் சூடான பிளாக்கும் உண்டு. மேலே இருக்கும் கவர் தகரத்தைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். பெல்ட் ரோலருக்குள் நுழையும் இடம் தலைமுடியை எடுக்கும், குனிந்து பார்க்கும்போது ஜடை முதலில் போகும். பெல்ட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். வேலை முடிந்து அணைக்கும்போது முதலில் ஹீட்டர், பிறகு ஃபேன் போட்டு பெல்ட்டை 100 டிகிரிக்குக் கீழே வரும் வரை ஓடவிட்டு அப்புறம் மோட்டார். சூட்டோடு பெல்ட்டை நிறுத்தினால் ஒரே இடத்தில் கருகி, மறுநாள் ஓடும்போது அறுந்து ரோலரில் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்கத்தான் ஆட்கள் மெஷின் ஓடும்போதே விரலை விடுவார்கள்.