இஸ்திரி வண்டியில் தொடங்கும் நடிப்பு: ஒரு பாத்திரத்துக்கு ஆயத்தமாகும் முறை

வடபழனியிலும் சாலிகிராமத்திலும் அறை எடுத்துத் தங்கி வாய்ப்புத் தேடும் இளைஞர்கள், ஒரு பாத்திரம் உறுதியானதும் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை கிலோ எடை குறைக்க வேண்டும் என்பதைத்தான். அந்தக் கேள்வியில் இருக்கும் உழைப்பு மனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் எடை கடைசியில் வர வேண்டியது. முதலில் கற்க வேண்டியது, அந்த மனிதர் நாள் முழுவதும் தம் கைகளால் என்ன செய்கிறார் என்பது. ஒரு தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுபவராக நடிக்க உங்களுக்கு வாய்ப்பு வந்திருப்பதாகவும், படப்பிடிப்புக்கு இரண்டு மாதம் இருப்பதாகவும் வைத்துக்கொண்டு வழியைச் சொல்கிறேன்.

திரைக்கதையை முதலில் ஒருமுறை எந்தக் குறிப்பும் எடுக்காமல் படியுங்கள். பிறகு ஒரு நோட்டில், அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, பிறர் அவரைப் பற்றிச் சொல்வது, அவர் உண்மையில் செய்வது ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். தமக்குக் கோபமே வராது என்று சொல்கிறவர் அடுத்த காட்சியிலேயே மகனைக் கைநீட்டி அடிக்கிறார் என்றால், நீங்கள் நடிக்க வேண்டிய மனிதர் அந்தச் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கிறார். சிறிய பாத்திரங்களுக்கு முழுத் திரைக்கதையும் தரமாட்டார்கள்; அப்போது உங்கள் காட்சிக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதையாவது உதவி இயக்குநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதன்பின் ஓர் இஸ்திரி வண்டிக்குச் செல்லுங்கள். யார் என்பதையும் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லி, உடன் நிற்க அனுமதி கேளுங்கள். உங்களுக்குக் கற்றுத்தர அவர் செலவிடும் நேரம் அவருடைய கூலி நேரம் என்பதால், அதற்கான பணத்தை முதல் நாளே பேசிக் கொடுத்துவிடுங்கள். கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். படம் பிடித்தால் அவர் உங்களுக்காக நடிக்கத் தொடங்கிவிடுவார்; நீங்களும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கவனத்தைத் தளரவிடுவீர்கள்.

முதல் சில நாட்கள் வெறுமனே பாருங்கள். கரித்தணல் போட்டுச் சூடாக்கும் இஸ்திரிப் பெட்டியான கரிப்பெட்டி ஐந்தாறு கிலோ கனக்கும். அதை மணிக்கட்டால் அழுத்துவதில்லை, தோளிலிருந்து இறங்கும் உடலின் எடையே அழுத்துகிறது. வலக்கை பெட்டியை நகர்த்தும்போது இடக்கை துணியை நீவி இழுத்து முன்னே சென்றுகொண்டிருக்கும், ஒருபோதும் சும்மா இருக்காது. கண்கள் பெட்டியைப் பார்ப்பதில்லை. பெட்டி அடுத்துப் போகவிருக்கும் இடத்தைப் பார்க்கின்றன. தணல் மங்கினால் மூடியைத் திறந்து விசிறுவார். வெள்ளைச் சட்டையை எடுக்குமுன் பெட்டியின் அடிப்பகுதியை ஒரு துணியில் துடைப்பார், ஒட்டிய சாம்பல் சட்டையில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் துடைப்பு ஒரு விநாடிகூட நீடிக்காது. ஆனால் திரையில் அந்த ஒரு விநாடியைப் பார்க்கும் இஸ்திரிக்காரர் ஒருவர், இவன் நம் ஆள் என்று நம்பிவிடுவார்.

பிறகு உங்கள் பழைய துணிகளைக் கொண்டுபோய்ப் பழகுங்கள். வாடிக்கையாளர் துணியில் கைவைக்க வேண்டாம். பேசிக்கொண்டே ஒரு சட்டையை மடித்து முடிக்க முடிகிற நாள் வரும்வரை விடாதீர்கள். கைகளுக்கு வேலை பழகினால்தான் வசனம் பேசும்போது மனம் எதிரிலிருப்பவரிடம் இருக்கும். கதை நடக்கும் ஆண்டையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இப்போது பல வண்டிகளில் எரிவாயு இஸ்திரிப் பெட்டி வந்துவிட்டது, அதில் விசிறலும் சாம்பலும் இல்லை. பழைய காலக் கதையானால், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

பேச்சைப் பொறுத்தவரை ஒன்றே சொல்வேன். சென்னைத் தெருவில் நிற்கிறார் என்பதற்காக எல்லோருக்கும் மெட்ராஸ் பாஷையைப் பூசிவிடாதீர்கள். அவருடைய ஊர் எது, எந்த வயதில் இங்கு வந்தார் என்பதை இயக்குநரிடம் கேட்டபின் அந்த ஊர்க்காரர் ஒருவரோடு பேசிப் பழகுங்கள்.

உற்றுப் பார்ப்பதே ஒரு பயிற்சி என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் நடிகர்கள் பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றோர் முறையாகப் பயின்று வந்தார்கள். விஜய் சேதுபதியோ அங்கே கணக்காளராக வேலை பார்த்தபடி, நடிகர்களை அருகிலிருந்து கவனித்தவர்.

இப்போது எடைக்கு வருகிறேன். 'ரேஜிங் புல்' (1980) படத்துக்காக ராபர்ட் டி நீரோ ஏறத்தாழ 27 கிலோ கூடினார். 'தி மெஷினிஸ்ட்' (2004) படத்துக்காக கிறிஸ்டியன் பேல் ஏறத்தாழ 28 கிலோ குறைத்தார். நம் விக்ரம் 'சேது' (1999) படத்துக்காகத் தலையை மழித்து உடலை வற்றவைத்தார். இவற்றைக் கேட்டு மயங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: டி நீரோ எடை கூடுவதற்காகவே அந்தப் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. உங்களுக்காக யாரும் படப்பிடிப்பை நிறுத்தப்போவதில்லை. வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைப்பதே பொதுவாகப் பாதுகாப்பான வேகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் இரண்டு மாதத்தில் நான்கு முதல் எட்டு கிலோ. அதற்கு மேல் கேட்டால், முடியாது என்று தயங்காமல் சொல்லுங்கள். தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரைப் பாருங்கள். தண்ணீரைக் குறைப்பது, உடலிலிருந்து நீரை வெளியேற்றும் மாத்திரைகள், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தரும் ஊசி ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். சிறுநீரகமும் இதயமும் கெட்டபின் எந்தப் பாத்திரமும் ஈடாகாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பனையும் உடையும் முடிவானதும் அவற்றை அணிந்து வீட்டில் சில மணி நேரமாவது இருங்கள். அவருடைய செருப்பைப் போட்டு நடந்தால் நடை தானாக மாறும்.

படப்பிடிப்பு கதையின் வரிசைப்படி நடக்காது. மகனை அடித்த காட்சி நாற்பதாம் நாளிலும், அதற்குப் பிந்தைய அழுகை முதல் நாளிலும் வரலாம். ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் அவர் எங்கிருந்து வருகிறார், எவ்வளவு நேரமாக நிற்கிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று நோட்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு நாளும் ஒப்பனைக்கு உட்காருமுன் அன்றைய பக்கத்தைப் படியுங்கள்.

நம் படங்களில் பெரும்பாலும் வசனத்தைப் பின்னர் டப்பிங்கில் பேச வேண்டியிருப்பதால், அந்த நோட்டைப் படப்பிடிப்பு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்று பெட்டியை நகர்த்தியபடி பேசியபோது மூச்சு எந்தச் சொல்லில் அறுந்தது என்பதையும் அதில் குறித்திருந்தால், மாதங்கள் கழித்து அதைக் குரலில் திரும்பக் கொண்டுவரலாம். டப்பிங் கூடத்தில் நாற்காலியை ஒதுக்கிவிட்டு நின்றுகொள்ளுங்கள். ஓசை எழுப்பாத கனமான பை ஒன்றை வலக்கையில் பிடித்து, தோளில் வலி ஏறிய பிறகு முதல் வரியைப் பேசுங்கள்.