சாமிக்காட்டை மீட்கும் முறை

அழிந்துவரும் கோயில்காட்டை மீட்க முனைபவர்கள் பெரும்பாலும் மரக்கன்றுகளை வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம். அய்யனாருக்கோ கருப்பருக்கோ விடப்பட்ட காடு பல தலைமுறை தாண்டி நின்றதற்குக் காரணம், அதை யாரும் நட்டு வளர்த்தது அன்று. உள்ளே அரிவாள் கொண்டுபோகக் கூடாது, செருப்பணிந்து நடக்கக் கூடாது, காய்ந்து விழுந்த சுள்ளியையும் வீட்டு அடுப்புக்கு எடுக்கக் கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகளே அதைக் காத்தன. எனவே முதலில் தேட வேண்டியவை அந்தக் கட்டுப்பாடுகள்தாம்.

அவை ஊருக்கு ஊர் மாறுபடும். பூசாரி, சாமியாடி, மண்குதிரை செய்யும் வேளார், காட்டோரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் ஆகியோரிடம் தனித்தனியே பேசி, எந்த விதி இன்றும் நடைமுறையில் உள்ளது, எது எப்போது, எதனால் தளர்ந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். சாதியின் பெயராலோ பெண் என்பதாலோ ஆளை விலக்கும் விதிகளும் அந்தப் பட்டியலில் வரக்கூடும். மரத்தைக் காக்கும் விதியோடு அவற்றையும் மரபென்று சேர்த்துப் போற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அடுத்தது நிலம். கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையும் உரிமையும் குறித்த 'அ' பதிவேட்டையும், எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் பார்த்து, காடு புறம்போக்கா, கோயில் பெயரில் உள்ளதா, தனிப்பட்டாவா என்று உறுதிசெய்த பிறகே எல்லையை அளக்க வேண்டும். எல்லையில் சுற்றுச்சுவர் எழுப்புவதைவிடக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டு உயிர்வேலி அமைப்பது நல்லது. கீரியும் உடும்பும் அதன் ஊடே வந்துபோகும்.

காட்டுக்குள் பெரும்பாலும் கடினமான வேலை சீமைக்கருவேலத்தை அகற்றுவதாகவே இருக்கும். மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் என்பதால் வேரோடு பெயர்க்க வேண்டும். ஆனால் பொக்லைனை உள்ளே விட்டு ஒரே வாரத்தில் முடிக்க நினைத்தால், முட்புதரின் நிழலில் முளைத்துக்கொண்டிருக்கும் வீரைக் கன்றுகளும் சேர்ந்து போய்விடும். எனவே ஆட்களைக் கொண்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஆண்டுக்கு ஒரு பகுதியாக எடுங்கள். நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதை பரவுவதால், அகற்றிய இடத்தில் சில ஆண்டுகளுக்கு மேய்ச்சலை ஊர் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். சாமியின் காட்டில் எந்த மரத்தை வெட்டினாலும் குற்றம் என்று பெரியவர்கள் தயங்குவார்கள். அவர்களோடு வாதிடுவதைவிடப் பூக்கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக்கிச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் செய்து உத்தரவு பெறும் அந்த வழக்கம், இளைஞர் மன்றத்தின் தீர்மானத்தைவிட ஊரை உறுதியாகக் கட்டுப்படுத்தும். உத்தரவு கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

நடுவதற்குரிய விதையை அதே காட்டிலிருந்தோ அருகிலுள்ள இன்னொரு கோயில்காட்டிலிருந்தோ எடுக்க வேண்டும். கடலோர மாவட்டங்களில் வீரை, காசான், உலக்கைப்பாலை, குருந்து போன்ற உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களும், உட்பகுதிகளில் உசிலை, வெப்பாலை போன்றவையும் பொருந்தும். அந்த இடத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்களே சரியான வழிகாட்டி. நாவல் விதை காய்ந்தால் முளைக்காது. பழம் விழுந்த சில நாட்களிலேயே பையில் ஊன்றிவிட வேண்டும். ஐப்பசி மழை மண்ணை நனைத்த பிறகு கன்றை நட்டால் முதல் கோடைக்குள் வேர் ஓரளவு இறங்கிவிடும். சருகைக் கூட்டி எரிக்கக் கூடாது. அரளியும் செம்பருத்தியும் வரிசையாக வைத்துக் காட்டை நந்தவனமாக மாற்றுவதும் ஒருவகை அழிப்பே.

இன்று பல காடுகளைச் சுருக்குவது பக்திக் குறைவு அன்று, பக்தியின் வசதி. திருப்பணி என்ற பெயரில் மண்டபம், சமையற்கூடம், வாகன நிறுத்தம், சிமெண்ட் தளம் என்று ஒவ்வொன்றாக வரும்போது மரங்கள் பின்வாங்குகின்றன. கட்டுமானத்தை ஏற்கெனவே வெட்டவெளியாக உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்வதென்று, நன்கொடை திரட்டும் முன்பே நிர்வாகக் குழுவில் எழுதி வாங்கிவிடுங்கள். சிமெண்ட் குதிரைக்குப் பதிலாக, வேளாருக்குப் பிடிமண் கொடுத்து மண்குதிரை செய்யச் சொல்லி, அதை ஊர்வலமாகக் கொண்டுவந்து வைக்கும் புரவி எடுப்பு வழக்கத்தை மீட்டால், பழைய குதிரைகள் உடைந்து மண்ணோடு கலக்க இடம் கிடைக்கும். கிடா வெட்டும் விருந்தும் நடக்கும் நாளில் நெகிழித் தட்டுகளுக்கு மாற்றாக வாழையிலையை ஊர்ப் பொதுச்செலவில் வாங்கிவைப்பது, அறிவிப்புப் பலகை வைப்பதைவிடப் பயன்தரும்.

இவையெல்லாம் ஓரளவு நிலைபெற்ற பின்னர், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் பல்லுயிர் மரபுத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகக் காக்கப்படும் இடமாக, அறிவிக்கக் கோரலாம். தமிழ்நாட்டில் 2022இல் மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி முதலில் இத்தகுதியைப் பெற்றது. 2025இல் இரண்டாவதாக அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி ஒரு கோயில்காடு. வீரகோயிலைச் சூழ்ந்த அதன் பரப்பு 5 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. எனவே காடு சிறியது என்று தயங்க வேண்டியதில்லை. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியாக விண்ணப்பிக்கலாம். அரசு வந்து கோயிலைப் பூட்டிவிடும் என்ற அச்சம் அந்தக் கூட்டத்தில் எழக்கூடும். ஊர் தானாக ஏற்றுக்கொள்பவற்றைத் தவிர, நடைமுறையிலுள்ள வழக்கங்களுக்கு இந்த அறிவிப்பால் தடை வராது என்பதைப் பூசாரியிடமும் பெரியவர்களிடமும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.