அர்ரேயா, ஆப்ஜெக்டா? ஜாவாஸ்கிரிப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அர்ரே என்பது மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்; ஆப்ஜெக்ட் என்பது ஒவ்வொரு மதிப்பையும் ஒரு பெயரோடு, அதாவது ஒரு கீயோடு, வைக்கும் அமைப்பு. ஏபிஐ (வேறொரு மென்பொருளிடமிருந்து டேட்டா வாங்கும் வழி) அர்ரேயாகத் தந்தால் அர்ரே, ஆப்ஜெக்டாகத் தந்தால் ஆப்ஜெக்ட் என்று டேட்டாவை வந்த வடிவிலேயே வைத்துக்கொள்வதுதான் புதிதாக எழுதுபவர்களின் பழக்கம். பின்னால் அதை எப்படி எடுக்கப் போகிறோம் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டப் போகிறோமா, ஒரு கீயைக் கொடுத்து ஒன்றை மட்டும் எடுக்கப் போகிறோமா?

மாணவர் மதிப்பெண்களை வைத்துப் பார்ப்போம். பதிவு எண் 210423. அதையே இன்டெக்ஸாக்கி (அர்ரேயில் இடத்தைக் குறிக்கும், 0-இல் தொடங்கும் எண்), காலியான அர்ரேயில் மதிப்பெண்[210423] = 87 என்று எழுதினால் எந்தக் குறையும் தெரியாது. திருப்பிக் கேட்டாலும் 87 சரியாக வரும். லெங்த்தை, அதாவது அர்ரேயின் நீளத்தைக் கேட்டால்தான் விஷயம் தெரியும்: 210424. இருப்பதோ ஒரே மாணவர். இதை ஜேசனாக்கி (டேட்டாவை அனுப்புவதற்கான எழுத்து வடிவம்) சர்வருக்கு அனுப்பினால், அந்த 87-க்கு முன்னால் 2,10,423 ‘நல்’கள் (null, வெற்று மதிப்பு) வரிசைகட்டிப் போகும். கமாவையும் சேர்த்தால் 10 லட்சம் எழுத்துகளுக்கு மேல், ஒரு மதிப்பெண்ணுக்காக!

அர்ரேயில் பெயரைக் கீயாக வைப்பது இன்னொரு தவறு. மதிப்பெண்["மலர்"] = 87 என்று எழுதினால் எர்ரர் வராது; அர்ரேயும் உள்ளுக்குள் ஒரு ஆப்ஜெக்ட்தான் என்பதால் வாங்கிக்கொள்ளும். ஆனால் லெங்த் 0 என்றே இருக்கும், அர்ரேயில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார்ஈச் அந்தப் பக்கமே போகாது, ஜேசனாக்கினால் வெறும் [] மட்டும் கிடைக்கும். எர்ரர் காட்டும் பிழையைப் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். இப்படிச் சத்தமில்லாமல் டேட்டாவைத் தொலைக்கும் பிழைதான் ஒரு நாளையே விழுங்கிவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஆப்ஜெக்டில் போட்டுவிடலாமா என்றால், அங்கே வரிசை மாறிவிடும். ரேங்க்படி 105, 23, 61 என்ற மாணவர் எண்களைக் கீயாகப் போட்டுப் பாருங்கள். லூப்பில் எடுக்கும்போது 23, 61, 105 என்றுதான் வரும். முழு எண்ணாக இருக்கும் கீகளை ஆப்ஜெக்ட் ஏறுவரிசையில் முதலில் தரும். மற்ற கீகள் அதற்குப் பிறகு, போட்ட வரிசையில் வரும். முதல் ரேங்க் எடுத்தவர் கடைசிக்குப் போய்விடுவார். வரிசை முக்கியம் என்றால் அர்ரேதான் சரி.

பயனர் தட்டச்சு செய்யும் வார்த்தைகளைக் கீயாக வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஒரு உரையில் எந்த வார்த்தை எத்தனை முறை வந்தது என்று சாதாரண ஆப்ஜெக்டில் எண்ணினால், ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்ற ஆங்கில வார்த்தை வரும் இடத்தில் கணக்கு கெடும். அந்தப் பெயரில் காலி ஆப்ஜெக்டிலும் ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கீயையும் மதிப்பையும் ஜோடியாக வைக்கவே 2015-இல் மொழிக்குள் வந்த ‘மேப்’ இதற்கு நல்ல தீர்வு. எண் கீகளையும் போட்ட வரிசையிலேயே வைத்திருக்கும். மேப்பை நேரடியாக ஜேசனாக்கினால் {} மட்டுமே வரும் என்பதை மறக்கக் கூடாது. முதலில் அர்ரேயாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் லூப்புக்குள் போடும் ஃபைண்ட் (அர்ரேயில் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடுவது). 5,000 ஆர்டர்கள், 2,000 பொருட்கள் என்றால், ஒவ்வொரு ஆர்டருக்கும் பொருளை அர்ரேயில் தேடும்போது ஒப்பீடுகள் 1 கோடி வரை போகலாம். பொருட்களை ஒரே ஒருமுறை மேப்பில் ஏற்றிவிட்டால் இந்தத் தேடலே வேண்டாம். இருபது பொருட்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை; ஃபைண்டே படிக்க எளிது.

வரிசையும் வேண்டும், சட்டென்று எடுக்கவும் வேண்டும் என்றால் ஐடிகளை ஒரு அர்ரேயிலும், முழு விவரங்களை ஒரு மேப்பிலும் பிரித்து வையுங்கள். நீக்கும்போது இரண்டிலும் நீக்க வேண்டும். அர்ரே பக்கத்தில் டெலீட் போட்டால் அந்த இடம் ஓட்டையாக நிற்கும், லெங்த் குறையாது. இடத்தையே வெட்டியெடுக்கும் ஸ்ப்ளைஸ் அல்லது வேண்டியதை மட்டும் புதிய அர்ரேயாகத் தரும் ஃபில்டர் பயன்படுத்துங்கள்.