மைப்பேனாவா, பால்பாயிண்ட் பேனாவா: அன்றாட எழுத்துக்குத் தேர்ந்தெடுத்துப் பழகும் முறை

அன்றாடம் கையால் எழுதுவதற்கு எந்தப் பேனா ஏற்றது என்று கேட்டால், பலரும் விலையையும் தோற்றத்தையும் வைத்தே பதில் சொல்கிறார்கள். ஆனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எழுதுகிறவர் தாளை எவ்வளவு அழுத்துகிறார் என்பதுதான்.

பால்பாயிண்ட் பேனாவின் முனையில், பெரும்பாலும் 0.7 அல்லது 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டு ஒன்று இருக்கிறது. அது தாளில் உருளும்போது, ரீஃபிலில் உள்ள கெட்டியான எண்ணெய் மையை எடுத்துப் பூசுகிறது. குண்டு வழுக்காமல் உருள வேண்டுமானால் சற்று அழுத்தியாக வேண்டும். மைப்பேனாவில் இருப்பது நீர்த்த மை. நிப்பின் நடுப்பிளவும் அதன் அடியில் உள்ள பள்ளமிட்ட கட்டையும், நுண்புழை நுழைவு (மெல்லிய இடுக்கில் திரவம் தானாக ஏறுவது) என்று பள்ளியில் படித்த அதே விதிப்படி மையை முனைவரை கொண்டுவந்து நிறுத்துகின்றன. முனை தாளைத் தொட்டதும் மை தானாக இறங்குகிறது. இங்கே அழுத்தத்திற்கு வேலையே இல்லை.

படி 1: கையைச் சோதித்தல்

இப்போது பயன்படுத்தும் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பக்கம் முழுவதும் வழக்கமான வேகத்தில் எழுதி, தாளைத் திருப்பி, மறுபக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டு, எழுதி முடித்ததும் கட்டைவிரல் வலித்தால், தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று பொருள். அத்தகையவர்களுக்கு மைப்பேனா மிகவும் உதவும். பழைய பழக்கத்தால் நிப்பைக் கெடுத்துவிடும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். மறுபக்கம் வழுவழுப்பாகவே இருந்து, கையிலும் வலி இல்லையென்றால், பேனாவை மாற்றியே தீர வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

படி 2: தாளைச் சோதித்தல்

எண்ணெய் மை தாளின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் தங்கிவிடுவதால், பால்பாயிண்ட் பேனாவுக்கு எந்தத் தாளும் சரிப்படும். நீர்த்த மை அப்படியல்ல. மலிவான தாளில் அது இழை இழையாகப் பரவி, எழுத்தின் ஓரத்தைக் கலைத்து, மறுபக்கத்திலும் ஊறித் தெரியும். தாளின் கிராம் எடையை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. மையை உறிஞ்சாதபடி மேற்பரப்பு பதப்படுத்தப்பட்டிருந்தால் மெல்லிய தாள்கூட நன்றாகத் தாங்கும். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரவல் மைப்பேனாவால் நான்கு வரி எழுதிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

படி 3: நிப்பைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கத்திற்கு எஃகு நிப்பே போதுமானது. தங்க நிப்பாக இருந்தாலும் தாளைத் தொடும் நுனியில் பொதுவாக வேறொரு கடினமான உலோகக் கலவையே பற்றவைக்கப்பட்டிருக்கும்; எனவே தங்கத்துக்காகச் செலவு செய்வதை முதல் பேனாவில் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. தமிழ் எழுத்துகளில் ண, ணை, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் சிறியவை. பருமனான நிப்பால் எழுதினால் அவை மையால் அடைபட்டுவிடும். ஆகவே மெல்லிய நிப்பை வாங்குங்கள். பருமனைக் குறிக்கும் F, M போன்ற குறியீடு ஒன்றாகவே இருந்தாலும் ஜப்பானிய நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக மெல்லியவை.

படி 4: மை நிரப்புதல்

மைப்பேனாவுக்கென்றே விற்கப்படும் மையை மட்டும் பயன்படுத்துங்கள். ஓவியத்திற்கான கறுப்பு மையில் அரக்கு கலந்திருக்கலாம்; அது உள்ளே காய்ந்தால் பேனாவை மீட்பது கடினம். நிப் முழுவதும் மூழ்கும்படி புட்டியில் அமிழ்த்தி, திருகியைச் சுழற்றி மையை உறிஞ்சவைத்து, ஓரிரு சொட்டுகளைத் திரும்பப் புட்டியிலேயே விட்டபின் நிப்பைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

படி 5: பிடித்து எழுதுதல்

தொடக்கநிலையினர் தடுமாறுவது இங்கேதான் என்பதால் இதற்குச் சற்று அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனாவை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்தும் எழுதலாம். மைப்பேனாவை 45 பாகை அளவில் சாய்த்து, நிப்பின் பிளவு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, பிளவின் இருபுறமும் உள்ள இரு பற்களும் தாளில் சமமாகப் படும்படி எழுத வேண்டும். எழுதும்போது விரல்களுக்கிடையே பேனா உருண்டு ஒரு பல் மட்டும் தாளைத் தொட்டால் கோடு விட்டுவிட்டு விழும்; உடனே பேனா பழுது என்று எண்ணி அதை உதறாதீர்கள், முதலில் பிடியைத் திருப்பிப் பாருங்கள். உள்ளங்கையின் எண்ணெய்ப்பசை தாளில் பட்டாலும் அந்த இடத்தில் மை ஒட்டாது. கைக்கடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் அது தீரும்.

பயிற்சிக்கு, பேனாவைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தளர்வாகச் சாய்த்துவைத்து, அதன் எடை மட்டும் தாளில் இறங்கும்படி தொடர் சுழிகளை வரையுங்கள். அழுத்தாமலே கோடு கறுப்பாக விழுவதைக் கண்ட பிறகு, ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளுக்கும் பின்னர் சொற்களுக்கும் செல்லலாம். மைப்பேனா வாங்கினால் கையெழுத்து அழகாகிவிடும் என்பார்கள். எழுதும் வேகத்தை அது சற்றுக் குறைப்பதால் வரும் திருத்தமே அது, நிப்பின் மாயம் அல்ல. இடக்கையால் எழுதுகிறவர்கள் விரைவில் உலரும் மையைத் தேர்ந்தெடுத்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக வேண்டும். இல்லையேல் ஈர எழுத்தின்மீதே கை படும்.

படி 6: பராமரித்தல்

சில வாரங்கள் எழுதாமல் வைக்க நேர்ந்தாலோ, மையின் நிறத்தை மாற்றினாலோ, நிப்பைக் குளிர்ந்த நீரில் தெளிவாகும்வரை கழுவுங்கள். வெந்நீர் பேனாவின் பாகங்களை வளைத்துவிடக்கூடும். சட்டைப்பையில் நிப் மேலே இருக்கும்படி வையுங்கள். விமானத்தில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும் என்பதால், பேனாவை முழுதாக நிரப்பியோ முற்றிலும் காலியாக்கியோ எடுத்துச் செல்லுங்கள்.

மைப்பேனா பழகிய பிறகும் பால்பாயிண்ட் பேனாவை மேசையிலிருந்து அகற்ற வேண்டாம். கார்பன் தாள் வைத்து நகல் எடுப்பதற்கு அழுத்தம் தேவை. அதை நிப்பால் செய்யக் கூடாது. விண்ணப்பப் படிவங்களுக்கும் உறையின்மீது எழுதும் முகவரிக்கும் பால்பாயிண்ட் பேனாவே பாதுகாப்பானது. மைப்பேனாவில் நிரப்பும் சாதாரணச் சாய மைகள் பல, நீர் பட்டால் கரைந்துவிடும்.